நிபந்தனையை அடித்துவிட்டுக் கேளுங்கள்

கல்லூரிக் கணித வகுப்பில் தேற்றத்தை எழுதியதும் நிரூபணத்துக்குத் தாவாதீர்கள். ரோலின் தேற்றத்தையே எடுங்கள்: ஒரு சார்பு மூடிய இடைவெளி முழுவதும் தொடர்ச்சியாகவும், முனைகளுக்கு இடையே வகையிடத்தக்கதாகவும் (ஒவ்வொரு புள்ளியிலும் வகைக்கெழு உள்ளதாகவும்) இருந்து, இரு முனைகளிலும் ஒரே மதிப்பைப் பெற்றால், இடையில் எங்காவது அதன் தொடுகோடு கிடைமட்டமாக இருக்கும். "வகையிடத்தக்கது" என்ற நிபந்தனையை அடித்துவிட்டு, "இப்போதும் உண்மையா?" என்று கேட்டு, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் நில்லுங்கள். (ஆசிரியர்களான நமக்கு அதுதான் கஷ்டம்.) மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசி, படம் போட்டுப் பார்க்கட்டும். யாராவது −1 முதல் 1 வரை மட்டுச் சார்பை (|x|) வரைவார்: இரு முனைகளிலும் ஒரே மதிப்பு, நடுவில் கூர்மை, கிடைமட்டத் தொடுகோடு எங்குமே இல்லை.

அடுத்து, தொடர்ச்சியை ஒரு முனையில் மட்டும் கெடுக்கச் சொல்லுங்கள். இது கொஞ்சம் திணறவைக்கும். 0-இலிருந்து 1-ஐ நோக்கி நேர்கோடாக ஏறி, 1-இல் மட்டும் சட்டென 0 ஆகிவிடும் சார்பு போதும்.

அதன்பிறகு நிரூபணத்தைத் தொடங்கி, எந்த வரியில் எந்த நிபந்தனை வேலை செய்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.