அளவு ஜாக்கெட் கொடுத்தால் அடுத்த கதை சொல்கிறேன்

காங்கேயத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு புத்தக அலமாரியும் உண்டு. ஊக்கு வைக்க, ஓரம் அடிக்கக் காத்திருப்பவர்கள் எடுத்துப் புரட்டுவார்கள். பிடித்தால் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். வாடகை கிடையாது, திருப்பிக் கொடுத்தால் போதும். அதனால் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கையோடு, "ஏனுங்க்கா, நல்ல கதைப் புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்றும் கேட்பார்கள். கேட்பது ஐந்தாவது படிக்கும் பையனாக இருக்கும், அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவராக இருக்கும், பேத்தி கல்யாணத்துக்குத் தைக்க வந்த அம்மிச்சியாகவும் இருக்கும்.

"நல்ல கதை எது?" என்றால் எனக்குப் பதில் தெரியாது. நான் திருப்பிக் கேட்பது இதுதான்: கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது எது?

டேப் பிடித்து உடம்பை அளப்பதைவிட, சரியாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் எனக்கு வேலை சுலபம். படித்து முடித்த புத்தகம் அந்த அளவு ஜாக்கெட்தான். வயசு என்ன, என்ன படிப்பு, எந்த வகைக் கதை பிடிக்கும் என்று கேட்டால் ஆட்கள் தங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் சொல்வார்கள். சரித்திர நாவல் பிடிக்கும் என்பார்கள், வாங்கி வைத்த முதல் பாகமே பிரிக்காமல் கிடக்கும். வாங்கி வைத்தது, பாதியில் விட்டது, பாடத்துக்காகப் படித்தது எதுவும் கணக்கில் சேராது.

பள்ளிக்கூடத்தோடு படிப்பதை விட்டுவிட்டேன் என்கிறவர்களிடம், அண்மையில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து எந்தப் படத்தின் கதையைச் சொன்னீர்கள் என்று கேட்பேன். சொத்துத் தகராறுக் கதை ஒன்றை அரை மணி நேரம் கை ஆட்டி ஆட்டிச் சொல்கிறவருக்கு எந்த அலமாரி என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி, அதில் எது உங்களை விடாமல் பிடித்தது? "கொலை பண்ணுனது யாருன்னு தெரியணுமல்லங்க" என்பார் ஒருவர். "அந்தப் பொம்பளை அப்படியே எங்க பெரியத்தை" என்பார் இன்னொருவர். சிலருக்கு ஊர், சிலருக்கு எழுத்து நடை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து நூலகராக இருந்த நான்சி பெர்ல் இதைக் கதைக்குள் நுழைகிற நான்கு வாசல்கள் என்கிறார்: கதை, ஆட்கள், இடம், மொழி. ஒருவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று தெரிந்தால், வகை மாறினாலும் வயது மாறினாலும் அவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

புதுசாகத் தேடுகிறவர்கள் ஒரே தாவாகத் தாவுவதுதான் பிரச்சினை. மாத நாவல் மட்டும் படித்தவர் கையில் எழுநூறு பக்க இலக்கிய நாவலைக் கொடுத்தால் அது தலையணைக்குப் போய்விடும். அளவு ஜாக்கெட்டில் இருந்து ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், மீதி அப்படியே இருக்கட்டும்.

கோவைக்காரர் ராஜேஷ்குமாரின் குற்றக் கதைகளைப் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிப் படித்தே வளர்ந்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு வேண்டியது அடுத்து என்ன நடக்குமோ என்கிற படபடப்பு. துப்பறிகிறவரை எடுத்துவிட்டுப் படபடப்பை மட்டும் வைத்துக்கொண்டால் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ வரைக்கும் வரலாம். 1942-இல் வந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் சொல்கிற கதை. புருஷனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள், அங்கே பிடிக்கிறது தீ. சின்ன நாவல், பேச்சு முழுக்க நம்ம ஊர்ப் பேச்சு. பங்காளிச் சண்டை பார்த்த எந்த வீட்டு ஆளும் கீழே வைக்க மாட்டார்.

அது பிடித்துவிட்டால் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தையும் தொழிலையும் மாற்றலாம். பனியன் கம்பெனிகளின் திருப்பூர் வேண்டும் என்றால் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’. கொங்கு கிராமத்து நாவிதர் குடும்பங்களின் கதை வேண்டும் என்றால் 2023-இல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. இரண்டும் ‘நாகம்மாள்’ போல வேகமாக ஓடாது, அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் புத்தகத்தின் மேல் பழி விழும்.

இடம் பிடித்தவர்களுக்கு மலை தாண்டவும் வழி இருக்கிறது. வாளையாறு தாண்டினால் பாலக்காடு. அதன் பக்கத்துத் தஸ்ராக் கிராமத்தை வைத்து ஓ.வி. விஜயன் மலையாளத்தில் எழுதிய நாவல் யூமா வாசுகியின் தமிழில் ‘கசாக்கின் இதிகாசம்’ என்று இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. சிறுவர்களுக்கு எழுதியதற்காக 2024-இல் பால சாகித்ய புரஸ்காரும் அவருக்கே கிடைத்தது. ஆக ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டால் பெரியவருக்கும் பையனுக்கும் புத்தகம் ஆயிற்று. மொழிபெயர்ப்பு பிடித்தால் மூல ஆசிரியரைத் தேடுவதோடு நிற்காமல் மொழிபெயர்த்தவர் வேறு என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். அவர்கள் தங்களுக்குப் பிடித்ததைத்தான் பெரும்பாலும் எடுத்துச் செய்கிறார்கள், அவர்கள் ரசனைக்குப் பின்னால் நடந்தால் வழி தவறாது.

நூலகத்தில் எங்கே பார்ப்பது

நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. காசு கொடுத்தாயிற்று, போய் உட்காருவதற்கு என்ன கூச்சம்?

கிளை நூலகத்துக்குப் போனால் அலமாரிக்கு முன்னால் நிற்காதீர்கள். நூலகர் மேசைக்குப் பக்கத்தில், திரும்பி வந்து இன்னும் அடுக்காத புத்தகங்கள் கிடக்கும். அதை முதலில் பாருங்கள். உங்கள் ஊர்க்காரர் யாரோ இந்த வாரம் படித்தது அது. அப்புறம் பின் அட்டையைத் திறந்து தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் புத்தகம் கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம். பல வருஷமாக முத்திரையே விழாத புத்தகத்தையும் ஒதுக்காதீர்கள், எனக்கு நல்ல நல்ல சிறுகதைத் தொகுப்புகள் அப்படிக் கிடைத்திருக்கின்றன. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது இன்னொன்று. இந்த இரண்டில் பின்னதை நான் அந்த மூலையில் கிடக்கும் புத்தகங்களுக்காகவே சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன்.

படியேற முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவருகிறார்களா என்று உங்கள் நூலகத்தில் கேளுங்கள்.

புத்தகத் திருவிழாவில் ஒரு பொழுது

கோவையில் ஜூலை வாக்கில் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் நடக்கும். ஈரோட்டில் 2005-இல் இருந்து மக்கள் சிந்தனைப் பேரவை ஆகஸ்டில் நடத்துகிறது. திருப்பூரிலும் உண்டு. எதற்குப் போனாலும் முதல் சுற்றில் பையைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு அரங்கிலும் விலைப்பட்டியல் இலவசமாகத் தருவார்கள், அதை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஒரு டீயும் மிளகாய் பஜ்ஜியும் வைத்துக்கொண்டு பேனாவால் குறியுங்கள். தமிழ்ப் புத்தகத்தின் அட்டையில் ‘நாவல்’ என்று மட்டும்தான் இருக்கும். பேய்க்கதையா, துப்பறியும் கதையா, அறிவியல் கதையா என்பதைப் பட்டியலிலோ கடைக்காரர் வாயிலோதான் பிடிக்க முடியும்.

இரண்டாம் சுற்றில் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். எல்லோரும் இழைத்து இழைத்து எழுதுகிற பக்கம் அது. நடுவில் எங்காவது திறந்து நின்றபடியே இரண்டு பக்கம் படியுங்கள். பின் அட்டைப் பாராட்டைத் தாண்டிவிடுங்கள். முதல் பதிப்பு எந்த வருஷம், எத்தனை தடவை அச்சாகியிருக்கிறது, மொழிபெயர்ப்பு என்றால் எந்த மொழியில் இருந்து என்பதெல்லாம் உள்ளே இருக்கும். சிறுகதைத் தொகுப்பு என்றால் முன்னுரையில் எந்தக் கதை எந்தப் பத்திரிகையில் வந்தது என்று எழுதியிருப்பார்கள். பிடித்த இரண்டு கதையும் ஒரே பத்திரிகையில் வந்திருந்தால் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டிவிடுங்கள். நாளைக்கு நாவலாசிரியராகப் போகிறவர்கள் இன்றைக்கு அதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

காசு குறைவு என்றால் தொகுப்பு வாங்குவதே லாபம். இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970-இல் இருந்து மாதம் ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு ஒரு நூலாக்கியது. உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அந்தத் தொகுப்பு கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஒரே புத்தகத்தில் ஒரு வருஷத்து எழுத்தாளர்களை ருசி பார்த்துவிடலாம். கோவையில் டிசம்பரில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய விருது விழாவுக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். 2010-இல் இருந்து நடக்கிறது. எழுத்தாளர்களை நேரில் கேள்வி கேட்கலாம். நான் போனால் கேட்பது, நீங்கள் இப்போது யாரைப் படிக்கிறீர்கள் என்பதுதான்.

வயசுக் கணக்கு

பெற்றவர்கள் வந்து "பையனுக்குப் பன்னெண்டு வயசுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி" என்பார்கள். இங்கிலீஷ் மீடியத்துப் பையன், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மனசுக்குப் பன்னிரண்டு, வாசிப்புக்கு ஏழு. ஏழு வயதுக் கதையைக் கொடுத்தால் அவனுக்கு அவமானம், பன்னிரண்டு வயதுக் கதையைக் கொடுத்தால் தலைவலி. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது காமிக்ஸ். சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் தொடங்கின, இன்னும் வருகின்றன. படம் கதையை இழுத்துக்கொண்டு போகும், வாக்கியம் சின்னது, விஷயமோ துப்பாக்கியும் குதிரையும். காமிக்ஸ் படித்தால் படிப்புக் கெடும் என்கிற அப்பாக்களிடம் நான் பேச்சு வளர்ப்பதில்லை.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு அளவு ஏற்கெனவே போட்டே வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் நான்கு நிலை: முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். தமிழிலும் இருக்கிறது, காசு கிடையாது. வகுப்பைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பக்கத்தைப் பிள்ளையையே சத்தமாகப் படிக்கச் சொல்லி, திக்குகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். கை மூடிவிட்டால் ஒரு படி கீழே. கீழே வாங்குவதில் குறைச்சல் எதுவும் இல்லை, அங்கே வேகமாக ஓடினால் தானாக மேலே வருவான்.

பதிமூன்றில் இருந்து பதினேழு வரைதான் நமக்குப் பள்ளம். அந்த வயதுக்கென்று தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சிறுகதைகளைக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்குச் சாகித்ய அகாடமி 2011-இல் இருந்து கொடுக்கிற யுவ புரஸ்கார் பட்டியலையும் பாருங்கள். கவிதை நூலும் கலந்திருக்கும், கதையை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுவர் நூலுக்கான பட்டியல் 2010-இல் இருந்து இருக்கிறது.

வயசானவர்களுக்குக் கதையைவிட எழுத்தின் அளவுதான் முக்கியம். பொடி எழுத்து என்றால் நல்ல நாவலும் வீண். போனிலோ டேப்லெட்டிலோ எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் அம்மிச்சிகள் பேத்திகளை முந்திவிடுகிறார்கள். "அம்மிணி, அடுத்த பாகம் எங்க?" என்று கடை வாசலில் வந்து நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

எப்போது விடலாம்

பிடிக்காததை இழுத்துக்கொண்டு படிப்பதால்தான் பலர் படிப்பதையே விடுகிறார்கள். நான்சி பெர்லுக்கு இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 50 வயது வரைக்கும் 50 பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். அதற்கு மேல் என்றால் 100-இல் இருந்து வயதைக் கழியுங்கள். 78 வயது அம்மிச்சி 22 பக்கம் படித்தால் போதும். எங்கள் கடையில் எல்லோருக்கும் பிடித்த சட்டம் இது.

நான் அளவு எழுதி வைக்கிற மாதிரி நீங்களும் ஒரு நோட்டுப் போட்டு, விட்ட புத்தகத்தையும் அதில் எழுதி வையுங்கள். பெயர், எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன் என்று ஒரு வரி. "ஆட்கள் பெயர் குழப்பம்" என்று இருந்தால் அடுத்தது ஆட்கள் குறைந்த கதை. "அழுகை தாங்கல" என்றால் கொஞ்ச நாள் கழித்து அதே புத்தகத்தைத் திரும்ப எடுக்கலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற திருட்டுப் பிடிஎஃப் வேண்டாம், உயிரோடு எழுதிக்கொண்டிருக்கிறவர் வயிற்றில் அடிப்பது அது. இலவசமாகவே வேண்டும் என்றால் முறையான வழி இருக்கிறது. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆனால் எழுத்து எல்லோருக்கும் சொந்தம். அரசு நாட்டுடைமை ஆக்கியவையும் அப்படித்தான். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்திலும் தேடுங்கள். புதுப் புத்தகம் என்றால் கோவை ராஜ வீதியில் விஜயா பதிப்பகத்துக்குப் போய், கடைசியாக முடித்த புத்தகத்தின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் நின்று பேச ஆள் கிடைக்கும்.