புதிதாக வெல்டிங் பட்டறை போடுகிற தம்பிமார் விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கம் போனால் றோட்டுக்கு றோட்டு கேற், கிறில் செய்யும் பட்டறைகள். இரண்டு மூன்று பெடியளோடு தொடங்குகிற புது முதலாளிமார், நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். சறத்தோடு வேலை செய்யாதே, கண்ணாடி போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

கிறைண்டரின் கவரைக் கழற்றிப் பெரிய டிஸ்க் பூட்டுவது

இதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். கையில் இருப்பது இரும்பை வெட்டவும் உரசவும் பாவிக்கிற 4 அங்குலக் கிறைண்டர். பைப் கொஞ்சம் பெரிது, ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். 7 அங்குல டிஸ்க்கை எடுப்பார்கள். கவர் இடிக்கும், அதைக் கழற்றுவார்கள். டிஸ்க்கின் துளை 22 மில்லிமீற்றர், கிறைண்டருக்குரியது 16. இடைவெளிக்கு ஒரு வாஷர். வேலை நடக்கும், அதுதான் பிரச்சினை.

டிஸ்க்கின் மேலே எழுதியிருப்பதை யாரும் வாசிப்பதில்லை. 7 அங்குல டிஸ்க் தாங்கும் எல்லை பொதுவாக நிமிடத்துக்கு 8,500 சுற்று. சின்னக் கிறைண்டர் சுற்றுவதோ 11,000 அளவில். டிஸ்க்கைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அது தாங்க வேண்டிய அளவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். உடைந்தால் துண்டு விநாடிக்கு 100 மீற்றர் வேகத்தில் வரும். அதை மறிக்க இருந்த ஒரே பொருள் கவர். அது ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இப்படித்தான் ஒரு பெடியனின் கன்னம் தாடை வரைக்கும் கிழிந்தது. யாரோ வீட்டுக் குடிபூரலுக்கு முதல் கேற் பூட்டிக் கொடுக்க வேண்டுமென்று இரவிரவாக வேலை. முதலாளியிடம் கேட்டால், "நான் கவனமாச் செய் எண்டு சொன்னனான்தானே அண்ணை" என்கிறார். இந்த வார்த்தைதான் எனக்கு ஆத்திரம். கவனம் பெடியனுடையதாம், கவர் இல்லாத மெசினை அவன் கையில் கொடுத்தது யார்? நாள் குறித்தது யார்? வெட்டு மெசின் ஒன்று வாங்கக் காசில்லை என்றவர், ஆஸ்பத்திரிக்கு அலைந்தே அதைவிடக் கூடச் செலவழித்தார்.

கவர் இல்லாத கிறைண்டர் காலையில் பெட்டிக்கு வெளியே வரக்கூடாது. கொடுக்கும்போது பார்ப்பது முதலாளியின் வேலை. டிஸ்க்கின் நடுவிலுள்ள தகர வளையத்தில் காலாவதித் திகதி இருக்கும், அதையும் பாருங்கள். மாரி காலத்தில் டிஸ்க் பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம், ஈரம் பட்டால் பலம் போய்விடும்.

ட்றிப் சுவிச் அடிக்கடி விழுகுது என்று நேரே வயர் கொடுப்பது

செய்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள்.

காயத்தைப் பெடியனின் வீட்டாரோடு பேசி முடிப்பது

கையில் கொஞ்சக் காசு, ஒரு பழக்கூடை, விசயம் முடிந்தது என்று நினைப்பு. முடியாது. வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வாய்ப்பேச்சில் வேலைக்கு வைத்தாலும் பொறுப்பு உங்களுடையது. மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வரமுடியாத காயம் என்றால் தொழில் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் ஓட்டோ தேடி ஓடாமல் 1990ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

"பழகுகிற பெடியன்தானே, சேமலாப நிதி பிறகு பார்ப்பம்"

பிறகு என்று ஒன்று சட்டத்தில் இல்லை. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், நாட்கூலி என்றாலும். சம்பளத்தில் 8 வீதம் அவன் பங்கு, 12 வீதம் உங்கள் பங்கு. நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அதுவும் உங்களுடையது, அவன் சம்பளத்தில் வெட்டக்கூடாது. இப்போது "அண்ணை, அண்ணை" என்று சுற்றுகிற பெடியன், கட்டாருக்குப் போக முதல் திணைக்களத்தில் ஒரு முறைப்பாடு போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவான். அப்புறம் நிலுவையோடு தண்டமும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

ஓ.எல். எழுதிவிட்டு நிற்கிறவனிடம் கிறைண்டரைக் கொடுப்பது

18 வயது நிரம்பட்டும்.

ஜீ.ஐ. (நாகம் பூசின இரும்பு) பைப்பை மூடின கொட்டிலுக்குள் ஒட்டுவது

பின்னேரம் வீட்டுக்குப் போனபின் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ விட்டுவிடும், அதனால் பனிக் காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள். பைப்பின் நாகப்பூச்சு எரிந்து வருகிற புகைதான் காரணம். பால் குடித்தால் சரி என்பது பட்டறைக் கதை. புகை போவது நெஞ்சுக்குள், வயிற்றுக்குள் அல்ல. ஒட்டுகிற இடத்துப் பூச்சை முதலில் உரசி எடுத்துவிட்டு, வெளியே, காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி வைத்து ஒட்டச் சொல்லுங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் அடுத்த நாள் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.