மார்பகத் திசுவில் இ-கேடரின் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஆய்வக வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஒருகாலத்தில் செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். புட்டியில் பெயர் ஒட்ட மறப்பது, இடது வலது மாற்றி எழுதுவது எல்லாம் யார் கண்ணிலும் பட்டுவிடும். கண்ணில் படாமல் சிகிச்சையையே திசைதிருப்பும் பிழைகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

பால் குழாய்ச் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதம் இ-கேடரின். அதை உண்டாக்கும் சிடிஹெச்1 ஜீன் 16-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயின் இரு முக்கிய வகைகளில் ஒன்றான லோபுலரில் பெரும்பாலும் இந்த ஜீனின் ஒரு பிரதி பழுதாகி, மற்றொன்று தொலைந்துபோகிறது. பிடிவிட்ட செல்கள் எறும்புச் சாரியாக ஊடுருவும். கட்டியாகத் திரளாததால் மேமோகிராமில் தப்பிவிடுவதும் உண்டு. மற்றொன்றான டக்டல் வகையில் பிடி பெரும்பாலும் போவதில்லை.

திசுவை சலைனில் போட்டு ஐஸில் அனுப்புவது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பாம்பனிலும் மண்டபத்திலும் எதையும் கெடாமல் வைக்க ஐஸ் என்பது கையோடு வந்த பழக்கம். மீனுக்கு அது சரி. திசுவுக்கு ஐஸ் கெடுவதைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது. மாலையில் எடுத்த ஊசிப் பயாப்ஸி, ஒரு சின்ன சலைன் புட்டியில், ஐஸ் பெட்டியில், இரவு பஸ்ஸில் மதுரைக்குப் போகிறது. காலையில் திறந்து பார்த்தால் செல்கள் தம் நொதிகளாலேயே கரையத் தொடங்கி, ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் அது லோபுலர் போலவே தோன்றும். இ-கேடரின் இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயமும் வெளிறியிருந்தால், டக்டலை லோபுலர் என்று எழுதிவிட முடியும். மெழுகில் பதித்த அதே திசுத் துண்டில்தான் (பிளாக்) ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 புரதம் எல்லாம் பார்க்கிறோம். ஈஆர் பொய்யாக நெகட்டிவ் வந்தால், ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மருந்து கிடைக்க வேண்டியவருக்கு அது கிடைக்காமலே போகும். கெட்ட திசுவை எந்த ஆய்வகமும் மீட்டுத் தர முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் (அமிலமாகாமல் காக்கும் உப்புகள் சேர்த்தது) போடுங்கள். திசுவின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவம் வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஊறட்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போட்டதை செவ்வாய் மாலை நான்குக்குள் எடுத்தாக வேண்டும். வெட்டிய நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் விண்ணப்பத் தாளில் எழுதுங்கள். முழு மார்பகத்தை அப்படியே வாளியில் போடாதீர்கள். ஃபார்மலின் மணிக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும், நடுப்பகுதி அழுகிவிடும். ஓரங்களை மையால் குறித்துவிட்டு, 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் அறுத்து, நடுவே துணி வைத்துப் போடுங்கள்.

ஃபார்மலின் கலக்கும் தண்ணீரும் முக்கியம். கடையில் வாங்கும் ஃபார்மலின் 100 மில்லியுடன் டிஸ்டில்ட் வாட்டர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரில் கரைத்தால், அதிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும், பஃபர் வலுவிழக்கும். அமிலமான ஃபார்மலின் ஸ்லைடில் பழுப்புத் துகள்களை விட்டுச் செல்லும்.

பக்கத்தில் உள்ள நல்ல குழாயைப் பார்க்காமல் முடிவு சொல்வது

ஒவ்வொரு ஸ்லைடிலும் முதலில் சாதாரணப் பால் குழாயைத் தேடுங்கள். அதன் செல் ஓரங்களில் அழுத்தமான பழுப்புக் கோடு இல்லையென்றால் அந்தச் சாயம் செல்லாது, மறுபடி போடுங்கள். புற்றுநோய்க்கு நடுவே சிக்கிய நல்ல குழாயைப் புற்றுநோய் என்று எண்ணி “பாசிட்டிவ்” எழுதுவதும் நடக்கிறது.

பழுதான புரதமே மிஞ்சியிருப்பதால் சாயம் ஏற்கும் லோபுலர்களும் உண்டு, சுமார் பத்தில் ஒன்று. சந்தேகம் வந்தால், இ-கேடரினோடு ஒட்டியிருக்கும் பி120 கேட்டெனின் என்ற புரதத்தைப் பாருங்கள். இ-கேடரினின் பிடி போனால் அது செல் ஓரத்தை விட்டு உட்பக்கம் முழுதும் பரவும்.

பிடி இருந்தால் பரவாது என்று நினைப்பது

தவறு. டக்டல் செல்கள் கூட்டமாகவே பயணம் போகும்.

சாயம் இல்லை என்றதும் “பரம்பரை” என்பது

பெரும்பாலும் கட்டியில் மட்டுமே நிகழ்ந்த பழுது அது. பிறப்பிலேயே சிடிஹெச்1 பழுது இருப்பவர்களுக்கு வயிற்றுப் புற்றுநோயும் வரலாம். 1998-இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் இது தெரியவந்தது. எனவே குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் வந்ததா, எந்த வயதில், இரண்டு மார்பகத்திலும் லோபுலர் வந்தவர் உண்டா என்று கேட்டுத் தாளில் எழுதி, ஜீன் ஆலோசனைக்கு அனுப்புங்கள். அதற்கான பரிசோதனை இரத்தத்தில்தான்.