பழைய கேப்டிவா வாங்கப் போகிறீர்களா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பழைய செவர்லே கேப்டிவா எஸ்யூவியை மலிவு விலைக்குச் சொல்வார்கள். குடும்பத்தோடு போகலாம், செம்மண் பாதையும் தாங்கும். ஆனால் நம் நாட்டில் புதிய செவர்லே விற்பனை நின்றுவிட்டது. 2020-ல் பக்கத்துத் தாய்லாந்தை விட்டும் விலகுவதாக செவர்லே நிறுவனத்தார் அறிவித்தார்கள். விலை இறங்கியதே அதனால்தான்.

ஆகவே பாகங்கள் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சேஸி எண்ணைப் படம் எடுத்து, ஈப்போ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் ஹாஃப்கட் கடைக்கும் (வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) அனுப்புங்கள். பிரேக் பேட், ஃபில்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்விளக்கு, பம்பர், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), கியர்பாக்ஸ் கிடைக்குமா, என்ன விலை என்றுதான் கேட்க வேண்டும். ஓப்பல் அன்டாராவும் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் கேப்டிவாவும் இதே குடும்பம்தான். பல பாகங்கள் பொருந்தும். அந்தப் பெயர்களிலும் தேடச் சொல்லுங்கள்.

அப்புறம், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே" என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் தெரியும் குறையை மறைக்கிறாரோ என்று சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றுங்கள். தடக்கென்று இடித்தாலோ, தாமதமாகப் பிடித்தாலோ அந்தக் கார் வேண்டாம். கியர்பாக்ஸ் செலவு காரின் விலையையே தின்றுவிடும்.

பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் தேறிய காரென்றாலும் உங்கள் ஃபோர்மனை (மெக்கானிக்) ஒருமுறை அடியில் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் வண்டியானால், டைமிங் பெல்ட் (இன்ஜினில் குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய பட்டை) மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.