பழைய ஆசிலாஸ்கோப்பில் கோடு வரவில்லையா, முதலில் குமிழ்களைப் பாருங்கள்

கும்பகோணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஹாமெக் எச்எம்203 ஆசிலாஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) ஒன்றை எடைக்கு வாங்கினேன். "ஓடாது சார், டிரான்ஸ்பார்மருக்கு ஆகும்" என்றார் கடைக்காரர். வீட்டில் கொண்டுவந்து மூடியைக் கழற்றினால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது, அதைத் தட்டி எடுத்துவிட்டுப் போட்டேன், கோடு வரவில்லை. அரைமணி நேரம் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது, டிரிகர் ஸ்விட்ச் (கோடு எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்று சொல்வது) நார்மலில் கிடக்கிறது, அதில் சிக்னல் இல்லாமல் கோடு வராது! ஆட்டோவுக்குத் தள்ளியதும் பச்சைக் கோடு வந்துவிட்டது.

அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் டிரிகரை ஆட்டோவில் வையுங்கள், இன்புட்டை கிரவுண்டில் போடுங்கள், பொசிஷன் குமிழ்களை நடுவில் நிறுத்துங்கள், பிரகாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எக்ஸ்-ஒய்க்கு (கோடு ஓடாமல் ஒளி ஒரே இடத்தில் நிற்கும் நிலை) மாற்றினால் ஒரு புள்ளி தெரிகிறதா? தெரிந்தால் திரைக் குழாய் உயிரோடு இருக்கிறது, கோளாறு ஸ்வீப் (ஒளியைக் குறுக்கே ஓட்டும் பகுதி) பக்கம். புள்ளியை மங்கலாகவே வையுங்கள், பிரகாசமாக நின்றால் திரையில் அந்த இடம் கருகிவிடும்.

நம் டெல்டாவில் அடுத்த எதிரி ஈரம். நாகை, வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அட்டனுவேட்டர் (சிக்னலின் அளவைக் குறைப்பது), டைம்பேஸ் (கோடு ஓடும் வேகத்தை மாற்றுவது) ஸ்விட்ச்சுகளில் களிம்பு ஏறி, குமிழைத் திருகும்போது கோடு தாவும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் விட்டு இருபது முப்பது தடவை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும்.

இனி சப்ளை, அதாவது உள்ளே வேண்டிய வோல்ட்டேஜ்களைத் தயாரிக்கும் பகுதி. அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் பின்பக்க வோல்ட்டேஜ் தேர்வு 115 வோல்ட்டில் இருக்கலாம், 230க்கு மாற்றியாச்சா என்று பாருங்கள். முதல் தடவை போடும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் கொடுங்கள்: ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது, அப்படியே எரிந்தால் உள்ளே ஷார்ட். (பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதில் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் சுவிட்ச்மோடு சப்ளை உள்ள மாடல்களில் பல்பை நம்பாதீர்கள், அது குழப்பும்.)

1972இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465 மாதிரி செட்டில் 110, 55, 15, 5, மைனஸ் 8 என்று ஐந்து வோல்ட்டேஜ் வரவேண்டும். ஒன்று சுழியத்தில் கிடந்தால், அணைத்துவிட்டு அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் ஓம்ஸ் பாருங்கள். ஒன்றிரண்டு ஓம் காட்டினால் டான்டலம் கண்டன்சர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். சொட்டு மாதிரி இருக்கும் அது, சில நேரம் தலை கருகியிருக்கும், சில நேரம் புதுசு போலச் சிரிக்கும். ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான், பொறுமை வேண்டும்.

வோல்ட்டேஜ் எல்லாம் சரி, ஆனால் கோடு அலையாக நெளிகிறதா? டிரிகரை 'லைன்' என்ற நிலைக்கு (மெயின் மின்சாரத்தோடு கோட்டை ஒத்துப்போகச் செய்வது) மாற்றுங்கள். அலை அசையாமல் நின்றால் அது மின்சார வாரியத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு உறவு. முழு அலை ரெக்டிஃபயர் (ஏசியின் இரு பாதிகளையும் டிசி ஆக்குவது) என்பதால் 100 ஹெர்ட்ஸாகத் தெரியும், அந்த அலையைச் சமன் செய்யும் பெரிய எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். பம்ப்செட் எல்லாம் ஓடி வோல்ட்டேஜ் தள்ளாடும் நேரத்தில் மட்டும் நெளிந்தால் செட்டைக் குறை சொல்லாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. குழாயின் கழுத்துப் பக்கம் எச்எம்203இல் ஏறக்குறைய மைனஸ் 2000 வோல்ட், ஃபிலமென்ட் (குழாயைச் சூடாக்கும்) கம்பியும் அதே மட்டத்தில் மிதக்கும், 465இல் ஆனோடுக்கு (திரைப் பக்க முனை) எல்லாம் சேர்த்து 18,000 வரை. சாதா மல்டிமீட்டர் 1000க்கு மேல் தாங்காது, அங்கே முள் வைக்காதீர்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டு அளக்கிற கெட்ட பழக்கமும் வேண்டாம்.

உள்ளே இருக்கிற சிறு டிரிம்மர்களை (அளவைச் சரிசெய்யும் திருகுகள்) திருகுவது கடைசி வேலை. சப்ளை சரியாகாமல் அவற்றைத் தொட்டால் இரண்டு கோளாறு ஆகிவிடும், நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செட்டை மூடி வைக்காமல் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரமாவது ஓட்டிவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே ஈரம் ஓடிவிடும்.