கட்டமரானின் பின்படிகளை மாற்றுவதற்கு முன்

பாய்மரக் கட்டமரானின், அதாவது இரட்டை உடல் கொண்ட படகின், பின்முனையில் ஏறி இறங்கும் படிகள் குறுகலாகவோ செங்குத்தாகவோ இருந்தால், ஈரக் காலோடு ஏறுவதே பெரும்பாடு. படிகளை மாற்ற நினைப்பவர்கள் முதலில் ரம்பத்தை எடுக்க வேண்டாம். அட்டையிலோ மெல்லிய ஒட்டுப்பலகையிலோ மாதிரிப் படி செய்து, அதை அதே இடத்தில் பொருத்தி, கையில் ஒரு பையுடன் நாலைந்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். ஒரு படிக்கு 25 செ.மீ. உயரம் என்பது எனக்கு வசதியாக இருந்தது. 30-ஐத் தாண்டினால் முழங்கால் முறையிடும்.

அடுத்தது எடை. பின்பக்கம் கூடும் ஒவ்வொரு கிலோவும் பின்முனையை நீருக்குள் அழுத்தும். அது நீரில் இழுபட்டால் வேகம் குறையும். ஆகவே கனமான பலகையைத் தவிர்த்து, நீர் உறிஞ்சாத நுரைப்பலகையின் இருபுறமும் கண்ணாடியிழையும் எபாக்ஸி என்ற ஒட்டுப்பிசினும் இடுவதே நல்லது.

ஒட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் முதன்முறை பளபளப்பான மேற்பூச்சின் மீதே ஒட்டினேன். ஒரே பருவத்தில் விளிம்பில் மயிரிழை போல விரிசல் ஓடியது. பூச்சை முழுவதும் தேய்த்து நீக்கி, அடியிலுள்ள கண்ணாடியிழை தெரிந்த பிறகே ஒட்ட வேண்டும். இணைப்பைச் சரிவாகத் தேய்த்து, இழை அடுக்குகளைப் படிப்படியாக அகலமாக்கிப் போடுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

வழுக்காத பூச்சும் கைப்பிடியும் மறக்கக்கூடாதவை. படிகளுக்குக் கீழே நீரில் இறக்கும் ஏணியின் கடைசி இரு படிகளாவது நீருக்குள் இருக்கட்டும். நீந்திக் களைத்தவர் கால் வைக்க அதுவே வழி.