மூடிய கடைகளின் கணக்கு எங்கே?

சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவி தன் முன்மொழிவைக் கொண்டுவந்தார். மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனில் இந்தியர்களின் குடும்பக் கடைகள் மூன்று தலைமுறை நிலைத்தது எப்படி என்பது தலைப்பு. பட்டியலில் இருந்த அத்தனையும் அந்நகரின் லெபோ பசார் தெருவில் இன்றும் திறந்திருக்கும் கடைகள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் விழுந்த அதே குழி. அதையும், ஆய்வு மாணவர்கள் விழும் வேறு சில குழிகளையும் இங்கே சொல்கிறேன்.

நிலைத்தவர்களை மட்டும் கேட்பது

நானும் அங்கே மளிகை, ஜவுளி, நாணயமாற்று என்று கடை கடையாக ஏறி முப்பது பேருக்கு மேல் பேட்டி கண்டேன். "மகன் கல்லாவில் உட்கார்ந்தான், கடை நின்றது" என்றார்கள் பலர். அதையே முடிவாக எழுதினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "மூடிய கடைக்காரர்களுக்கு மகன்கள் இல்லையா?" என்னிடம் பதில் இல்லை. ஆய்வேடு திரும்பி வந்தது. இரண்டு ஆண்டுகள் போயின.

மூடியவர்களைத் தேடி அலைந்தேன். எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில், கடையை மூடிய ஒரு பெரியவர் பிஸ்கட் டின்னைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட வாடகை ரசீதுகளை மேசையில் வரிசையாக வைத்தார். போருக்கு முந்திய கடைவீடுகளின் வாடகையை அடக்கி வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் நீங்கியது. அதற்குப் பிந்திய ரசீதில் தாளின் நிறமே வேறு, தொகை பல மடங்கு. "பிள்ளைகள் இரண்டு பேரும் கடையில்தான் இருந்தார்கள் தம்பி. இடம்தான் இல்லாமல் போயிற்று" என்றார்.

நிலைத்தவர்களிடம் மறுபடி போனேன். பலருக்குக் கட்டடமே சொந்தம். முதல் சுற்றில் அதை நான் கேட்கவே இல்லை.

மூடிய கடையிலும் திறந்த கடையிலும் ஒன்றுபோல இருப்பதை நிலைத்ததற்குக் காரணமாகக் காட்ட முடியாது. இன்றைய தெருவிலிருந்து தொடங்காதீர்கள். பழைய தொலைபேசிப் புத்தகத்தில் ஓர் ஆண்டை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு கடையும் என்ன ஆனது என்று பின்தொடருங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அதைத் தவிர்த்த ஆய்வை நான் இனி கையெழுத்திட்டு அனுப்பமாட்டேன்.

2018ஐ ஒரே ஆண்டாக எண்ணுவது

மலேசியாவில் 6 விழுக்காடு பொருள் சேவை வரி அவ்வாண்டு ஜூன் 1ஆம் தேதி சுழியமானது. விற்பனை, சேவை வரி செப்டம்பர் 1ஆம் தேதிதான் திரும்பியது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் கார் வாங்க மக்கள் முண்டியடித்தார்கள். ஆண்டு மொத்தத்தில் இது கரைந்துவிடும். மாதவாரிக் கணக்கைக் கேளுங்கள்.

மூன்றே நாளில் ஏற்கும் ஆய்விதழ்

கட்டுரையை அங்கே அனுப்பாதீர்கள். மூன்று நாளில் யாரும் அதை ஒழுங்காகச் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

கிரான்பாக் ஆல்பா

கேள்வித்தாளின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண் இது. போதும் என்று வழக்கமாகக் கொள்ளும் 0.7ஐ அது தாண்டியதால் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் என்று ஆகாது.